நெடுவாலன் துடைக்காத மண்

வற்றிய குளத்தின் நடுவே ஒரு செம்மண் கோதா இருந்தது. நெடுவாலன், புள்ளியான் என்ற இரண்டு உடும்புகள் அதில் மாலைதோறும் மல்லுக்கட்டின. பின்கால்களில் நிமிர்ந்து, தோளைப் பற்றி, எதிராளியை மல்லாக்கத் தள்ள வேண்டும். முதுகில் மண் பட்டால் தோல்வி. மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லித் தப்பும் வசதி மனிதர்களுக்கு உண்டு. உடும்புக்கு மீசை கிடையாது.

அந்தக் கோதாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தோற்றவரின் முதுகு மண்ணை வென்றவரே துடைத்துவிட வேண்டும். அதுவரை தோற்றவர் மறுபடி இறங்கக் கூடாது. மழை கழுவிவிட்டாலோ, பிறகு என்றைக்குமே இறங்க முடியாது! நடுவர் ஆமை இதில் மிகவும் கறார். மல்லாந்து கிடப்பதன் துயரம் ஆமையைவிட யாருக்குத் தெரியும்?

கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் நெடுவாலன் அருமையான பிடி ஒன்று போட்டு வென்றது. துடைத்துவிடக் குனிந்தபோது, கரையிலிருந்த குரங்கு கத்தியது.

“என்ன அண்ணே இது! ஜெயித்த கையில் தோற்றவன் அழுக்கா?”

கூட்டம் சிரித்தது. நெடுவாலனுக்குத் தலை கனத்துவிட்டது.

“நீயே துடைத்துக்கொள்!” என்றது.

புள்ளியான் எழுந்து கரையேறியது. முதுகு மண்ணோடு போய்விட்டது.

மறுநாள் நெடுவாலன் தொடை தட்டியது. “அடுத்தது யார்?”

கீரிக்குத் திடீரென்று இடுப்பு வலி. குரங்கு ஒரு முயலைப் பிடித்து உள்ளே தள்ளியது. தொடுவதற்கு முன்பே முயல் மல்லாந்து விழுந்தது.

“தோற்றுவிட்டேன் ஐயா! போகலாமா?”

நெடுவாலன் ஆமையைப் பார்த்தது. “ஏன் யாருமே வரமாட்டேன் என்கிறார்கள்?”

“துடைத்துவிடாத ஆளிடம் யார் தம்பி விழுவார்கள்?” என்றது ஆமை.

பிறகு ஒரு மரக்கட்டையோடுதான் மல்லுக்கட்டு. கட்டைக்கு மூச்சு வாங்கவில்லை. “இந்தப் பிடி பழசுடா!” என்று கேலி செய்யவும் அதற்குத் தெரியவில்லை. தோளில் புள்ளியானின் நகம் கிழித்த காயம் மெல்ல ஆறிப்போனது. ஆறியதுதான் நெடுவாலனுக்கு வலித்தது.

மாலையில் எதிர்க்கரைப் பாறையடியில் இரண்டு கண்கள் தெரியும். கோதாவையே பார்த்துக்கொண்டிருக்கும். நெடுவாலன் அந்தப் பக்கம் திரும்பினால் மறைந்துவிடும். கோடை அப்படியே கழிந்தது.

ஒருநாள் மேற்கே மேகம் கறுத்தது. இடி உருண்டது. நெடுவாலன் கட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தது. புள்ளியானின் முதுகை மழை கழுவிவிட்டால்? எதிர்க்கரையை நோக்கி ஓடியது.

“இன்னொரு தடவை சிரிக்க வந்தாயா?” என்றது பாறையடியிலிருந்து புள்ளியான்.

“முதுகைக் காட்டு!”

“வீரன் முதுகு காட்டக் கூடாது என்பார்களே?”

“எனக்கு மட்டும் காட்டுடா. அன்றைக்கு நான் செய்தது தப்பு!”

புள்ளியான் மெல்லத் திரும்பியது. மண் அப்படியே காய்ந்து இறுகியிருந்தது.

“கோடை முழுக்க அரித்தது. ஒரு கல்லில்கூடத் தேய்க்கவில்லை” என்றது.

“ஏன்?”

“நீ வருவாய் என்றுதான்.”

நெடுவாலன் குனிந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டியது, வாலால் துடைத்தது. கடைசிக் கட்டி உதிரவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது.

இரண்டும் கோதாவுக்கு ஓடின. கொட்டும் மழையில், பிடித்த வேகத்தில், புள்ளியான் நெடுவாலனை மல்லாக்கப் போட்டது! கரையில் குரங்கு வாயைப் பிளந்தது. நெடுவாலன் வானத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தது. அதன் தோளில் புதிதாக ஒரு நகக்கீறல்.

“மழை கழுவிவிடப் போகிறது! சீக்கிரம் துடைடா, இன்னொரு பிடி பார்க்கலாம்!”

தோற்றவனை மதிக்காமல் அனுப்பியவன், தான் வென்ற களத்திலேயே தனியாக நிற்பான்.