மூன்று தண்ணீர் கழுவிய காளான்

குழந்தைவேலுவுக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு செங்கமலத்தம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். மடத்துக்கு வந்த நாளிலிருந்து எட்டு வருஷமாக அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"நான் செஞ்சதுக்கு மன்னிப்பு உண்டாம்மா?"

அம்மை ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

செய்தது இதுதான். மடத்துக்குப் பின்னால் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதில் இவர் மேஸ்திரி. கழிவை எல்லாம் குழி வெட்டிக் கொட்டச் சொன்னது இவர்தான். கீழத்தெருக் கிணறு கெட்டது, பிள்ளைகளின் உடம்பு கெட்டது, பட்டறையை மூடினார்கள். மனுஷன் வேட்டியைக் காவியில் முக்கிக் கட்டிக்கொண்டு மடத்துப் படியேறிவிட்டார். அவ்வளவு சுலபம்.

அந்த ஐப்பசியில் இரண்டு நாள் இடியும் மழையும். மூன்றாம் நாள் காலை, புல்கூட முளைக்காத அந்தக் குழிமேல் வெள்ளை வெளேரென்று காளான் பூத்திருந்தது. குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடை நிறையப் பறித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மண்ணு என்னை மன்னிச்சிருச்சும்மா! பாருங்க!"

அம்மை ஒரு காளானைத் திருப்பிப் பார்த்தார். தண்டின் அடியில் வெள்ளை நூல்கள் மண்ணோடு தொங்கின.

"இந்தக் குடைக்கு ஒரு நாள்தான் ஆயுசு. இந்த நூல் எத்தனை வருஷமா அந்தக் குழிக்குள்ளே மேஞ்சுதோ."

"நல்ல காளான்தாம்மா. சோதிச்சே காட்டுறேன்."

விஷக் காளானோடு வெந்தால் வெள்ளி கறுக்கும் என்பது ஊர் நம்பிக்கை. குழந்தைவேலு தன் வெள்ளி மோதிரத்தைப் போட்டு வேகவைத்தார். மோதிரம் பளபளவென்று வெளியே வந்தது.

"கறுக்கலம்மா! மூணு தண்ணி கழுவினேன். மூணாவது தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"சோதிச்சுப் பாக்கக் குழி மண்ணெடுத்துட்டுப் போன காலேஜ் பொண்ணு என்ன சொன்னா?"

குழந்தைவேலு காது கேட்காதவர்போல நின்றார். மண்ணில் கிடக்கும் ஈயத்தைக் காளான் இழுத்து வைத்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது என்று அந்தப் பெண் சொன்னபோது பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றவர் அவர்தான்.

"எல்லாக் காளானும் அப்படியில்லன்னு சொன்னாம்மா."

"சரி. மிளகு போட்டு வதக்குங்க. முதல் கிண்ணத்தைக் கீழத்தெரு சரசு வீட்டுக்குக் கொண்டு போங்க. அவ மகளுக்கு உங்க கையால ஊட்டிட்டு வாங்க. அப்புறம் நான் சாப்பிடுறேன்."

சரசுவின் மகள் தாரணிக்குப் பதினொரு வயது. பட்டறைப் புகையில் பிறந்த பிள்ளை. இன்னும் தன் பெயரை எழுத வராது.

"வாங்க சாமி, உக்காருங்க" என்று சரசு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். மிளகு வாசனைக்குத் தாரணி பக்கத்தில் வந்து வாயைத் திறந்தாள்.

எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"சூடா இருக்கு பாப்பா" என்றார். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

மடத்து வாசலில் அம்மை நின்றிருந்தார்.

"ஊட்டியாச்சா?"

"கை வரலம்மா. எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு சொன்னப்பவே தெரியும். தெரிஞ்சேதான் கூடையை எடுத்தேன்."

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அம்மையின் முகம் இளகியது. தன் கேள்விக்கு இன்று பதில் வந்துவிடும் என்று குழந்தைவேலுவுக்குத் தோன்றியது. அழுதுகொண்டே காத்திருந்தார்.

அம்மை கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"காலியா இருக்கே?"

"கொட்டிட்டேம்மா."

"எங்கே?"

"வர்ற வழியில. கிணத்தடி வேலியோரமா."

அம்மையின் முகம் மெல்ல மாறியது.

"திரும்பவும் மண்ணுலதானா, ஐயா?"