கோணக்குளத்தார் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்தது

கோணக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எதையும் நிறுத்தி நிதானமாக யோசித்துத்தான் செய்வார்கள். யோசித்த பிறகு செய்வதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்.

அந்த ஊர்ச் சடையப்பனுக்கு உரக்கடைக் குலுக்கலில் சிங்கப்பூர் போய்வர மூன்று டிக்கெட் விழுந்தது. மாயழகையும் ஒச்சப்பனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். அவனுக்குக் கட்டடம் பார்க்கிற ஆசையெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பூவலிங்கம் பதினெட்டு வருஷமாக அங்கேதான் வேலை பார்க்கிறான். அவனை ஒருதரம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் பூவலிங்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தது. ஆனால் அன்று சாயங்காலமே விமானம். காலையில், சுற்றுலாவுக்குக் கூட்டிவந்த வழிகாட்டி ரெஜினா மூவரையும் அழைத்து, "இன்னைக்கு நீங்களே ஊரைச் சுத்திப் பாத்துக்குங்க. கூட்டமா இருக்கும், ஒருத்தர் கையை ஒருத்தர் விட்டுராதீங்க" என்றாள்.

அந்த நிமிஷமே மூவரும் கை கோத்துக்கொண்டார்கள்.

ரயில் நிலையத்தில் ஒவ்வொரு ஆளாகத்தான் போகமுடிகிற மாதிரி ஒரு தடுப்பு. சடையப்பன் உள்ளே போனான். கோத்த கைக்கு நடுவில் கதவு மூடிக்கொண்டது. அங்கிருந்த ஊழியர் ஓடிவந்து கையை விடச் சொன்னார். அதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும், ரெஜினா என்ற அம்மாவைத்தான் கேட்கவேண்டும் என்றும் சடையப்பன் பணிவாகத் தெரிவித்தான். கடைசியில் சக்கர நாற்காலிக்கான அகலக் கதவைத் திறந்து மூவரையும் பக்கவாட்டில் நடத்தி அனுப்பினார்கள்.

ஊரைச் சுற்றுவதற்கு எந்த ரயில் என்று ஒரு தமிழரிடம் விசாரித்தார்கள். வட்டமாக ஓடுகிற ரயில் ஒன்று இருக்கிறது என்று அவர் காட்டிவிட்டார். ஏறி உட்கார்ந்தார்கள். அது பூமிக்கு அடியிலேயே ஓடுகிற ரயில். ஒன்றரை மணி நேரம் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"ஊரு நல்லாத்தான் இருக்கு" என்றான் மாயழகு. "சுவர் எல்லாம் ஒரே மாதிரி கட்டியிருக்கான். கொஞ்சம் இருட்டு."

ஒவ்வொரு நிலையத்திலும் தமிழில் அறிவிப்பு வந்தது. ரயிலுக்கும் மேடைக்கும் இருக்கும் இடைவெளியை நினைவில் கொள்ளவும் என்றது. போகும்போது விமான நிலையத்தில் கேட்பார்கள் போல என்று சடையப்பன் முடிவு செய்து, அந்தப் பொறுப்பை ஒச்சப்பனிடம் கொடுத்தான். பன்னிரண்டாவது நிலையத்தில் ஒச்சப்பனுக்கு வேர்த்துவிட்டது.

"இதுக்கு மேல தலையில இடமில்லண்ணே. கடைசி இடைவெளி உள்ள வந்தப்போ என் மச்சினன் பேரு வெளிய போயிருச்சு."

மாயழகு இதைத் தீவிரமாக யோசித்தான். "மச்சினன் பேரு உனக்கு அவசரமா வேணுமா?"

"அவசரம்னு இல்ல."

"அப்பறம் என்ன. இன்னும் பதினெட்டு நிலையம் இருக்கு. சொந்தக்காரங்க நிறைய இருக்காங்கள்ல?"

ஒச்சப்பன் சமாதானமானான். இறங்கும்போது அவனுக்குப் பெண்டாட்டி பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும்தான் மிச்சம்.

அடுத்து, தண்ணீர் கக்குகிற சிங்கச் சிலைக்குப் போனார்கள். அங்கேதான் பூவலிங்கம் வருவதாகப் பேச்சு. சடையப்பன் போன் போட்டபோது அவன், "அங்கேயே நில்லு, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துர்றேன்" என்றான். மூவரும் கண்ணை மூடினார்கள், திறந்தார்கள். பூவலிங்கத்தைக் காணோம்.

அவசரப்பட்டுத் திறந்துவிட்டோமே, பாவம், பயல் எங்கே மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருக்கிறானோ என்று சடையப்பன் பதறினான். மறுபடியும் மூடச் சொன்னான். இந்தத் தடவை அவன் வருகிற வரைக்கும் திறப்பதில்லை என்று தீர்மானம் ஆயிற்று.

கைகோத்துக் கண்மூடி நின்ற மூவரையும் பார்த்து, இந்த இடத்தில் இப்படித்தான் கும்பிட வேண்டும் போல என்று வெள்ளைக்காரர்கள் சிலர் இரண்டு பக்கமும் வந்து கைகோத்துக் கண்ணை மூடினார்கள். அரைமணி நேரத்தில் வரிசை பதினான்கு பேராகிவிட்டது. பூவலிங்கம் வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் தன் சிநேகிதனைக் கண்டுபிடித்தான்.

"சடையா, வந்துட்டேன்டா."

அந்தக் குரலைக் கேட்டதும் சடையப்பன் கண்ணைத் திறக்கப் போனான். மாயழகு தடுத்துவிட்டான்.

"அவசரப்படாதண்ணே. யாரோ ஒருத்தர் வந்துட்டேன்னு சொல்றாரு. அது பூவலிங்கம்தானான்னு நல்லாப் பாத்துட்டு, அப்பறம் திற."

அது நியாயமாகத்தான் பட்டது. பூவலிங்கத்தின் இடது காது மடலில் சின்ன வயசில் கம்பி கிழித்த வெட்டு ஒன்று உண்டு. அதைத் தொட்டுப் பார்த்தால் போதும். ஆனால் கையை விடக்கூடாதே. பூவலிங்கமே குனிந்து, கோத்திருந்த விரல்களுக்கு நடுவில் தன் காதை வைத்தான். விரல் அந்த வெட்டில் பட்டது. சடையப்பன் கண்ணைத் திறந்தான். பதினெட்டு வருஷம் கழித்துப் பார்த்த முகம் கண்ணீரில் கலங்கித்தான் தெரிந்தது. துடைக்கக் கை இல்லாததால் பூவலிங்கம் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். கூட நின்ற வெள்ளைக்காரர்களும் அழுதார்கள்.

பூவலிங்கம் தனியாகத்தான் குடியிருந்தான். அவன் வீட்டுக்குள் கூட்டம் இல்லை என்று பார்த்து உறுதி செய்த பிறகு கைகளை விட்டார்கள். "கூச்சப்படாதீங்க, இதை உங்க வீடா நினைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவன் தயிர் வாங்கப் போனான். சடையப்பன் கஷ்டப்பட்டு அப்படியே நினைத்துக்கொண்டான். நினைத்து முடித்த நேரம் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் பூவலிங்கம்.

"வாடா வா. இத்தனை வருஷமா வீட்டுப் பக்கமே வரலையே நீ."

பூவலிங்கத்துக்குத் தப்பு தன் மேல்தான் என்று தோன்றிவிட்டது. "வேலைடா, என்ன செய்ய" என்று தயிரை நீட்டினான். வெறுங்கையோடு வரக்கூடாதா என்று சடையப்பன் கடிந்துகொண்டு, சோபாவில் உட்காரவைத்து, சோறு போட்டான். பூவலிங்கம் கூச்சப்பட்டுக்கொண்டே கொஞ்சமாகச் சாப்பிட்டு, மணியைப் பார்த்து, "சரி, நான் கிளம்பறேன்" என்று எழுந்தான். அப்போதுதான் எல்லாருக்கும் விமானம் ஞாபகம் வந்தது.

விமான நிலையத்தில் இடைவெளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒச்சப்பனாகவே சொல்லத் தொடங்கினான், உள்ளே தள்ளிவிட்டார்கள். பூவலிங்கம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஊர் போய்ச் சேந்ததும் ஒரு சத்தம் குடுங்கப்பா" என்று கையசைத்தான்.

மறுநாள் காலையில் ஊர் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் மூவரும் கண்மாய்க் கரையில் ஏறினார்கள். விமானம் வந்த திசையை மாயழகு கணக்குப் போட்டுக் காட்டினான். அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று, அடிவயிற்றிலிருந்து மூன்று சத்தம் கொடுத்தார்கள். கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. பதில் இல்லை. என்ன ஆயிற்றோ என்று சடையப்பன் கவலையாக நிற்கும்போது போன் அடித்தது.

"என்னடா, போய்ச் சேந்தீங்களா, ஒரு சத்தத்தையும் காணோம்" என்றான் பூவலிங்கம்.

"மூணு தடவை குடுத்துட்டோம்டா. தொண்டையே கட்டிக்கிருச்சு."

ஆயிரம் சொன்னாலும் பூவலிங்கமும் கோணக்குளத்துக்காரன்தானே.

"என் மேலதான்டா தப்பு, ஜன்னலைச் சாத்தி வச்சிருந்தேன். இப்பத் திறந்துட்டேன். போனை வச்சிட்டு இன்னொரு தடவை குடு."