மெடலை எந்தப் பக்கம் குத்துவது?

கொடியேற்று விழாவுக்கு இஸ்திரிக் கடை பொற்கொடி சேலையின் வலது பக்கம் இரண்டு மெடல்களைக் குத்திக்கொண்டு வந்தாள். முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர் குணாளனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"துணி தேய்க்கிறவளுக்கு மெடலா? அதையும் தப்பான பக்கம் குத்தியிருக்கா! என்னை மாதிரி இடது பக்கம் குத்து, இல்லேன்னா வெளியே போ!"

"வாங்கினவங்க இடது பக்கம் குத்தணும். செத்தவரோட மெடலை வீட்டு ஆளுங்க வலது பக்கம் குத்தணும். என் வீட்டுக்காரர் சொன்னதுங்க."

"அந்தம்மா சொல்றது சரி" என்றார் கொடியேற்ற வந்திருந்த கர்னல்.

பொற்கொடி விடவில்லை. "அப்போ ஐயா இடது பக்கம் இருக்கிறது எல்லாம் ஐயா வாங்கினதுங்களா?"

"பின்னே? ஒவ்வொண்ணும் என் ரத்தம்!"

"கர்னல் ஐயா, மெடல் ஓரத்துல வாங்கினவரோட நம்பர் இருக்கும். காலையில இவர் கோட்டைத் தேய்க்கும்போது பார்த்தேன். மூணாவது மெடலைப் பாருங்க" என்றவள், தன் புருஷனுடைய பட்டாள நம்பரைக் கடகடவென்று ஒப்பித்தாள்.

கர்னல் மெடலைத் திருப்பினார். அதே நம்பர்! பென்ஷன் மனுவோடு அனுப்பவேண்டும் என்று அவளிடம் வாங்கிப்போய், தபாலில் தொலைந்துவிட்டதாகக் குணாளன் கைவிரித்த மெடல் அது.

"வாங்கினவங்களுக்கு இடது, செத்தவங்களுக்கு வலது" என்றாள் பொற்கொடி. "திருடினவங்க எந்தப் பக்கம் குத்தணும்னு மட்டும் என் வீட்டுக்காரர் சொல்லாமப் போயிட்டாருங்க."