கிட்டுசாமி இல்லாத கேசட்

"அந்த நாயோட குரல் ஒரு துளிகூட இதுல இருக்கக் கூடாது அம்மிணி" என்றார் நஞ்சப்பன்.

கனகமணி நிமிரவில்லை. கேசட் நாடாவை மரக்கட்டையின் பள்ளத்தில் பொருத்தி, பிளேடால் சாய்வாக ஒரு கீறு கீறினாள்.

"எந்த நாயிங்ணா?"

"கிட்டுசாமி. வேற யாரு?"

"எதுக்கு இருக்கக் கூடாது?"

எதுக்காம்! நஞ்சப்பனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் மில் வாசலில் எண்பத்தேழு நாள் வேலைநிறுத்தம். சங்கச் செயலாளர் கிட்டுசாமி. எண்பத்தெட்டாம் நாள் காலையில் ஒருத்தரையும் கேட்காமல் உள்ளே போனான், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான், வெளியே வந்தான். மறுவாரம் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை இல்லை. நஞ்சப்பன் அதில் ஒருவர். இதையெல்லாம் அவர் கனகமணியிடம் பாடம் கேட்க வந்த இந்த எட்டு மாதத்தில் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. இன்னமும் எதுக்கு என்கிறாள்.

கனகமணி பழைய கேசட்டுகளை வெட்டி ஒட்டிப் புதுச் சத்தம் செய்கிறவள். சந்தைக் கூச்சல், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு, யார் வீட்டுக் கல்யாணத்திலோ யாரோ போட்ட சண்டை எல்லாவற்றையும் நறுக்கி வேறு வரிசையில் கோப்பாள். கேட்கிறவனுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். கொஞ்சம் பொறுத்தால், தன் ஊரை இப்போதுதான் காதால் கேட்கிறோம் என்று தோன்றும்.

மகள் வயசுக்காரியிடம் பாடம் கேட்க வெட்கமாக இல்லையா என்று கேட்டவர்களுக்கு நஞ்சப்பன் ஒரே பதில் வைத்திருந்தார். "மில்லுல அறுந்த நூலை ஒட்டுனேன். இங்க அறுத்து ஒட்டறேன். அவ்வளவுதான்."

இப்போது அவர் கையில் இருந்தது அந்த வேலைநிறுத்தத்தின்போது நடந்த வாயிற்கூட்டத்தின் கேசட். ஊரில் இருப்பது இது ஒன்றுதான். சனிக்கிழமை அதே மில் வாசலில் நினைவுக் கூட்டம். அன்று போட்டுக் காட்ட இதிலிருந்து ஒரு படைப்பு செய்யப்போகிறார்.

"அந்தப் பக்கம் கேட்டீங்ளா?" என்றாள் கனகமணி.

"அது வெறும் பக்கம். ஒண்ணுமே எழுதலை பாரு."

"எழுதலைங்கறீங்க. கேட்டீங்ளான்னு கேட்டேன்."

"எனக்கு வேண்டியது இந்தப் பக்கத்துல இருக்குது அம்மிணி!"

அவள் பிளேடை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஐந்து நாள் வெட்டினார். பாவி எங்கேதான் இல்லை! பேச்சில் இருந்தான், கோஷத்தில் இருந்தான், மற்றவர்களை மேடைக்குக் கூப்பிடுவதில் இருந்தான். இருமலில்கூட இருந்தான். இருமலையும் வெட்டினார். துண்டுகளைத் தரையில் வீசிவிட்டுப் போவார். வெட்டிய துண்டு எதுவும் இந்த அறையை விட்டு வெளியே போகாது என்பது கனகமணி வைத்திருந்த சட்டம். அவள் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பாள்.

ஆறாம் நாள் காலை நஞ்சப்பன் சட்டைப் பையில் தீப்பெட்டியோடு வந்தார்.

"கேளு" என்று கேசட்டைப் போட்டார்.

கூட்டம் இரைந்தது. யாருமே கேட்காத கேள்விக்கு ஐந்நூறு பேர் "ஆமா!" என்றார்கள். யாருமே சொல்லாத நகைச்சுவைக்குச் சிரித்தார்கள். "வாழ்க! வாழ்க!" என்று கத்தினார்கள், யார் வாழ்க என்று தெரியவில்லை.

"சுத்தமாயிருச்சு" என்றார் நஞ்சப்பன். "இனி உன்ற சட்டத்தை இந்த ஒருதடவை மறந்துரு அம்மிணி. அந்த டப்பாவைக் குடு. மொட்டை மாடியில வெச்சுக் கொளுத்திட்டு வந்தர்றேன்."

"ஒரு நிமிசமுங்ணா."

கனகமணி கேசட்டை வெளியே எடுத்தாள். திருப்பினாள். போட்டாள்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஸ்டவ் எரிகிற சத்தம். பாத்திரம் நகர்ந்தது. ஒரு பெண் தனக்குத் தானே முனகிப் பாடிக்கொண்டிருந்தாள். சொல்லே இல்லை, வாய் மூடிய ராகம் மட்டும். சட்டென்று அறுந்தது. வேறொரு இடத்தில் தொடங்கியது. அறுந்தது. பாதிச் சிரிப்பு ஒன்று வந்தது. மீதிச் சிரிப்பு வரவில்லை.

நஞ்சப்பன் ஒலிபெருக்கியிடம் குனிந்தார்.

"மாராத்தா" என்றார்.

அவர் மனைவி இறந்து பத்தொன்பது வருஷம். வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. இல்லை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

"சங்கத்து டேப் ரெக்கார்டரு அப்ப என்ற வீட்டுலதான் கெடந்துச்சு. இவ எப்ப பொத்தானை அமுத்துனா? ஒரு வார்த்தை சொல்லலையே..."

ராகம் மறுபடி அறுந்தது. அவர் தாவிப் பொத்தானை அமுக்கி நிறுத்தினார்.

கேசட்டில் நாடா ஒன்றுதான். பாதி அகலத்தில் இந்தப் பக்கம், மீதி அகலத்தில் அந்தப் பக்கம். இங்கே வெட்டினால் அங்கேயும் விழும். முதல் நாள் கனகமணி சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான்.

"உனக்குத் தெரியும்! தெரிஞ்சுட்டே வெட்ட விட்டுட்ட!"

"தெரியாதுங்ணா. கேட்டீங்ளான்னு ரெண்டு தடவை கேட்டேன்."

"கையைப் புடிச்சுத் தடுத்திருக்கணும்! நீயெல்லாம் ஒரு வாத்தியாரா?"

அவள் மரக்கட்டையையும் ஒட்டு நாடாவையும் அவர் முன்னால் வைத்தாள். டப்பாவைத் திறந்து மேஜையில் கவிழ்த்தாள். நாற்பத்து மூன்று துண்டுகள் சுருண்டு விழுந்தன.

நஞ்சப்பன் ஒன்றை எடுத்தார். வெற்று நாடாவின் நடுவே ஒட்டி ஓட்டிப் பார்த்தார். மாராத்தாள் முனகினாள். அடுத்ததை எடுத்தார். அதே ராகம். பத்தாவதிலும் அதேதான். பாட்டு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குது" என்றார். "எது எங்க போகும்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது அம்மிணி?"

கனகமணி குவியலிலிருந்து ஒரு நீளத் துண்டை எடுத்தாள். மறுபக்கம் பேசும்படி தலைமாடு கால்மாடாகத் திருப்பி ஒட்டினாள். ஓட்டினாள்.

"தோழர்களே" என்றான் கிட்டுசாமி.

"நிறுத்து!"

"அந்தம்மா ராகத்துல வரிசை இல்லைங்ணா. இவரு பேச்சுல இருக்குது."

"முப்பத்தொரு வருசமா இவன் பேச்சை நான் காதுல வாங்குனதில்லை. வெட்டும்போதுகூட குரலைக் கேட்டு வெட்டுனேன், பேச்சைக் கேக்கலை!"

"அப்பப் பாட்டு வேண்டாமுங்ளா?"

நஞ்சப்பன் தீப்பெட்டியைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். உட்கார்ந்தார். நாற்காலியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுப் பொத்தானை அவரே அமுக்கினார்.

"தோழர்களே, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்பறம் திட்டுங்க."

அதுதான் முதல் துண்டு.