வாயில்லாத இயந்திரம்

கேள்வி கேட்கிறவருக்கு எப்போதும் அவசரம். பதில் சொல்கிறவருக்கு அவசரமே கிடையாது. இந்தக் கதையில் வரும் தொல்லைகள் எல்லாம் அதனால் வந்தவைதான்.

சாலிகிராமத்தில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஜெசிந்தா என்பவள் மின்னணு இசை சொல்லிக்கொடுத்து வந்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. கடைசியாக வந்து சேர்ந்த சிஷ்யர் திருமேனிக்கு ஐம்பத்துமூன்று. அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். இரண்டு பேரில் யார் யாருக்குப் பணிந்துபோக வேண்டும் என்பது அந்த அறையில் ஒருநாளும் முடிவாகவில்லை.

திருமேனி லேசுப்பட்டவர் இல்லை. வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவதில் இருபத்திரண்டு வருட அனுபவம். எந்த நாட்டு வாய் எப்படி அசைந்தாலும் அதற்குள் ஒரு தமிழ் வாக்கியத்தை உட்கார வைத்துவிடுவார். வாய் மூடியிருந்தால்கூட விடமாட்டார். ஒரு 'ம்' போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஒருநாள் ஒரு கார்ட்டூனில் நரி ஒன்று மழையில் சும்மா நின்றுகொண்டிருந்தது. 'அடடா, மழை பெய்கிறதே' என்று அதற்கு வசனம் எழுதினார். எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. நரிக்குத் தெரியாதா, பார்க்கிறவனுக்குத் தெரியாதா, எனக்கு மட்டும்தான் வாய் அரிக்கிறதா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்தக் கோபத்தில்தான் சொந்தமாக ஒரு அனிமேஷன் படம் தொடங்கினார். ஒன்பது பேர், ஆறு வருடம். தண்ணீர் தேடச் சொல்லி ஒரு கிரகத்தில் இறக்கிவிடப்பட்ட சின்ன இயந்திரத்தின் கதை. அது முந்நூறு வருடம் தோண்டுகிறது. தண்ணீர் கிடைத்ததும் தன்னை அனுப்பிய ஊருக்குச் செய்தி அனுப்புகிறது. அதற்குள் அந்த ஊரே காலியாகிவிட்டது.

படம் அந்தக் கிரகத்தைவிட்டு ஒரு நொடிகூட நகராது. ஒரு வார்த்தையும் கிடையாது. நடப்பதையெல்லாம் சிந்தசைசர் இசைதான் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கு வாய்கூட வரையவில்லை. வாய் இருந்தால் பழக்கதோஷத்தில் தன் கையே ஏதாவது எழுதிவிடும் என்று அவருக்குப் பயம்.

இசைக்கு மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போய்விட்டார்கள். என்ன வாசித்தாலும் படத்தில் ஒட்டமாட்டேன் என்கிறது என்றார்கள். சரி, நானே கற்றுக்கொண்டு வாசித்துத் தொலைக்கிறேன் என்றுதான் திருமேனி அந்த இரண்டு மாடியும் ஏறினார்.

இதற்கு நடுவில் இத்ரீஸ் வேறு. படத்தை வாங்கிக்கொள்ள முன்வந்த கம்பெனியின் ஆள் அவர். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம், அவரோ தங்கமானவர். வார்த்தையே இல்லாவிட்டால் குழந்தைகளுக்குப் புரியாது, பின்னணியில் ஒரு குரல் கதை சொல்லட்டும், அதையும் நீங்களே எழுதுங்கள் என்றார். திருமேனி மன்றாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். பன்னிரண்டு நாள் கழித்து இத்ரீஸ் வந்து கடைசிப் பதினாறு நிமிடத்தைப் பார்ப்பார். கதை என்ன என்று முன்கூட்டி அவருக்குச் சொல்லக்கூடாது. அவருக்குப் புரிந்தால் குரல் வேண்டாம். புரியாவிட்டால் குரல்.

அந்தக் குரலுக்கு எழுத இரண்டு நாள் போதும், அதுவும் பிரமாதமாக எழுதிவிடலாம் என்பது திருமேனிக்குத் தெரியும். அதுதான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது.

ஜெசிந்தாவிடம் முதல் நாளே படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, நான்கு வகுப்பாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வார்த்தை இல்லாமல் ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது? அவள் சிந்தசைசரில் ஒரு திருகைக் காட்டி, ஒரு மணி நேரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பச் சொன்னாள். அவருக்கு ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மறுபடியும் என்றாள். படம் கையைவிட்டுப் போகிறது, இவளுக்குத் திருகாணி விளையாட்டா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தாவது வகுப்பில் பொறுமை போய்விட்டது.

"டீச்சர், எனக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. பதில் தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னாலும் சொல்லுங்க."

"படத்தைப் போடுங்க, சத்தம் இல்லாம."

போட்டார். உப்புப் பாலைவனத்தில் இயந்திரம் நடந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா ஒரு பென்சிலை எடுத்து மேஜை விளிம்பில் தட்ட ஆரம்பித்தாள். நாலு தட்டு, ஒரு நிறுத்தம். ஆறு தட்டு, ஒரு நிறுத்தம். ஷாட் மாறுகிற இடத்தில் எல்லாம் சரியாக நின்றாள். ஆறு வருட உழைப்பைப் போட்டுக் காட்டினால் இந்தப் பெண் தாளம் போடுகிறாளே என்று திருமேனி பல்லைக் கடித்தார்.

மூன்றாவது ஷாட்டில் அவர் உதடு அசைந்தது.

"நடந்தது," என்றார். "மறுபடியும் நடந்தது. கால் தேய்ந்தது. ஆனாலும் நடந்தது."

தட்டுக்கும் வார்த்தைக்கும் நூல் இடைவெளி இல்லை. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். திருமேனி நிறுத்தவில்லை. பள்ளம் வந்தபோது பள்ளத்தைப் பற்றிச் சொன்னார். புழுதி எழுந்தபோது புழுதியைப் பற்றிச் சொன்னார். இயந்திரம் தண்ணீரைக் கண்டு முட்டி போட்ட இடத்திலும் சொல்லிக்கொண்டே போனார். ஒரு வாக்கியம்கூட ஷாட்டைத் தாண்டி நீளவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. திரை இருட்டானபோதுதான் வாயை மூடினார்.

விஷயம் இதுதான். அனிமேஷன் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. படம் வரையத் தொடங்கும் முன், ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு நேரம் என்று வரைகிறவர்களுக்குத் தெரிவதற்காக, பென்சில் கோட்டுப் படங்களின் கீழே யாராவது ஒருவர் குரலைத் தற்காலிகமாகப் பதிந்து வைப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் திருமேனியே உட்கார்ந்து மொத்தக் கதையையும் வாசித்துப் பதிந்தார். ஒன்பது பேரும் அந்தக் குரலின் நீளத்துக்கு வரைந்தார்கள். வரைந்து முடித்ததும் குரலை அழித்துவிட்டார்கள். அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

"அதை எடுத்துட்டேனே, டீச்சர்," என்றார்.

"குரலை எடுத்தீங்க. அது உக்காந்த நாற்காலியை எல்லாம் அப்படியே விட்டுட்டீங்க."

திருமேனிக்கு அழுகை வருவதுபோல் இருந்தது, ஆனால் ஆத்திரம் முந்திக்கொண்டது. இது முதல் நாளே தெரிந்திருந்தும் என்னைத் திருகு திருப்பவிட்டீர்களா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

மறுநாள் அவர் ஒன்பது பேரையும் கூப்பிட்டு, இசையை முதலில் வாசிக்கப்போகிறேன், படத்தை அதற்குத் தகுந்தாற்போல் வெட்டி ஒட்டப்போகிறோம் என்றார். தலைமை ஓவியர் வேதவல்லி கேட்ட கேள்விகளை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. நியாயமான கேள்விகள்தான். ஒரு ஷாட்டுக்காக நாலு மாதம் முதுகு ஒடிய வரைந்தவள் அவள். அது வேண்டாம் என்று வெட்டினால் வாழ்த்துவாளா? கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளேதான் வெட்டினாள்.

பதினாறு நிமிடம் பதினான்காகச் சுருங்கியது. நடை வந்துவிட்டது, தோண்டல் வந்துவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது. ஒரே ஒரு இடம் மட்டும் மசியவில்லை. இயந்திரம் மூன்று சுரத்தில் ஊரைக் கூப்பிடுகிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. அந்த 'இல்லை'யை எதில் வாசிப்பது? சோகமாக வாசித்தால் இயந்திரம் அழுகிறது என்று ஆகிறது. ஒன்றுமே வாசிக்காவிட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று ஆகிறது. இத்ரீஸ் வர மூன்று நாள் இருக்கையில் வேர்த்து வழிய மறுபடியும் மாடி ஏறினார்.

"டீச்சர், இருக்கிறதை வாசிச்சுடறேன். இல்லாததை எப்படி வாசிக்கறது?"

ஜெசிந்தா எழுந்துபோய் ஏசியை அணைத்தாள்.

அது மே மாதம். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அறையில் இருந்த மற்ற இரண்டு மாணவர்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். திருமேனியும் பார்த்தார். காது திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

"எதுக்கு நிறுத்தினீங்க?"

"இவ்வளவு நேரம் ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடாம? நான் வரும்போதே ஓடிட்டுத்தானே இருந்துச்சு."

"அப்ப நீங்க தலையைத் தூக்கிப் பாக்கலையே," என்றாள் அவள். அவர் கிளம்பும்வரை ஏசியைப் போடவும் இல்லை. திருமேனி கழுத்தைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் அவளை வைதுகொண்டு படி இறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் நின்றார்.

அன்றே பதினான்கு நிமிடத்தின் அடியிலும் ஒரு தாழ்ந்த முனகலைப் போட்டார். ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கும் அலை அது. இயந்திரம் நடக்கும்போதும் தோண்டும்போதும் அது உடன் இருக்கும். கூப்பிட்ட மூன்றாவது சுரம் முடிந்ததும் அது நின்றுபோகும்.

ஜெசிந்தா கேட்டுவிட்டு, குறைங்க என்றாள். குறைத்தார். இன்னும் என்றாள். இன்னும் குறைத்தார். கடைசியில் அவருக்கே அது கேட்கவில்லை. கேட்காத சத்தத்தை எதற்கு மெனக்கெட்டுப் போட வேண்டும் என்று எரிச்சலாகக் கேட்டார். அவள் திருகை இன்னும் ஒரு நூல் குறைத்தாள்.

இத்ரீஸ் சொன்ன நாளில் காலை பதினொரு மணிக்கு வந்தார். சின்ன அரங்கு, முப்பது நாற்காலி. அவர் முன் வரிசையில் உட்கார்ந்தார். ஒன்பது பேரும் சுவரோரம் நின்றார்கள். திருமேனி பின் வரிசையில், ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில். சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று குரலுக்கான வாக்கியங்களை எழுதி எடுத்துவந்திருந்தார். மனிதருக்கு அவ்வளவுதான் நம்பிக்கை.

படம் ஓடியது. இத்ரீஸ் இரண்டு முறை கைபேசியைப் பார்த்தார். அந்த இரண்டு முறையும் திருமேனிக்கு உயிர் போய் வந்தது. பள்ளம் வந்தபோது இத்ரீஸ் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் வந்தபோது முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

இயந்திரம் ஆன்டெனாவைத் திருப்பியது. ஒரு சுரம். இரண்டாவது. மூன்றாவது.

முனகல் நின்றது.

இத்ரீஸின் தலை சட்டென்று நிமிர்ந்தது. பக்கவாட்டில் திரும்பினார், மேலே பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். இயந்திரம் காத்திருந்தது. பிறகு அதே மூன்று சுரத்தில், கொஞ்சம் பலமாக, மறுபடியும் கூப்பிட்டது. காத்திருந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது முதல் சுரத்தோடு நிறுத்திக்கொண்டது.

"அங்க யாருமே இல்லையா?" என்றார் இத்ரீஸ். மெதுவாகத்தான் கேட்டார். அந்தச் சின்ன அரங்கில் எல்லோருக்கும் கேட்டது.

திருமேனியின் வாய் திறந்தது. இருபத்திரண்டு வருடமாகத் திறந்த வாய். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, நாலே வார்த்தை, கச்சிதமான வாக்கியம். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஜெசிந்தாவின் பக்கம் குனிந்து, பதற்றத்தோடு கிசுகிசுத்தார்.

"டீச்சர், கேக்கறார். சொல்லிடட்டுமா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களைக் கேக்கல, சார்."