மருதமரத்துக் காவல்

காட்டோரத்தில் சிலுவை வைத்த வேதக்கோயிலை ஒட்டி நின்ற மருதமரத்தில் ஒரு கரிச்சான் குருவி கூடு கட்டியிருந்தது. உடம்புதான் சிறியது, துணிச்சல் பெரியது. பருந்தானாலும் காக்கையானாலும் தலையில் கொத்தி விரட்டிவிடும். அந்தத் தைரியத்தில் கீழ்க்கிளையில் ஒரு புள்ளிப்புறா குடும்பம் நடத்திவந்தது.

கோடை மழை விட்டதும் ஈசல் கிளம்பும். கரிச்சானுக்கும் அதன் பெட்டைக்கும் ஈசல் என்றால் உயிர். தானியம் தின்னும் புறாவோ அதை ஏறெடுத்தும் பார்க்காது.

"தங்கச்சி, நாங்க ஈசலுக்குப் போறோம். கூட்டைப் பாத்துக்கோ!"

"போயிட்டு வாங்கண்ணே! ஏதாவது வந்தா சத்தம் போடுறேன்!"

இப்படியே பல கோடைகள் போயின.

ஒரு ஈசல் மாலையில் அண்டங்காக்கை வந்து புறாவின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"வாயைத் திறந்தே, உன் முட்டையும் மிஞ்சாது! பேசாம இருந்தா உன்னைத் தொட மாட்டேன்!"

புறா கண்ணை மூடிக்கொண்டது.

கரிச்சான் திரும்பியபோது கூட்டில் குஞ்சுகள் இல்லை. புறாவின் முட்டைகள் மட்டும் பத்திரமாக இருந்தன.

"ஏன் தங்கச்சி சத்தம் போடல?"

புறா தன் முட்டைகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. கரிச்சானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உனக்கும் ஒருநாள் வரும். அன்னிக்கு நானும் வாயைத் திறக்க மாட்டேன்!"

அன்றே அது பெட்டையோடு குளத்துக்கு அக்கரையிலிருந்த பனைக்குக் குடிபோனது.

போனதே தவிர, மனம் போகவில்லை. முன்பெல்லாம் விடியுமுன் கரிச்சான் கூவும், புறா பதில் சொல்லும், அப்புறம்தான் கோயில் மணி அடிக்கும். அடைமழையில் எல்லோரும் ஒரே கிளையில் ஒண்டிக்கொண்டு கதை பேசுவார்கள். இப்போது கரிச்சான் கூவினால் பதிலே இல்லை. கோபமும் ஏக்கமும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்!

மறு கோடையில் அண்டங்காக்கை மறுபடி மருதமரத்தில் இறங்கியது. புறாவின் கூட்டில் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள். புறா அலறியது.

காக்கை பனையைப் பார்த்துக் கத்தியது. "கரிச்சானே, நல்லா பாத்துக்கோ! உன் பழியை நான் தீர்த்து வைக்கிறேன்!"

கரிச்சான் அசையவில்லை. ஒரு வருஷமாகக் காத்திருந்த காட்சி அல்லவா!

ஆனால் பாழாய்ப்போன ஞாபகம் சும்மா விட்டதா? பெரிய வெள்ளிதோறும் கரிச்சானும் புறாவும் கோயில் ஜன்னலில் உட்கார்ந்து கிறிஸ்து பட்ட பாடுகளின் கதை கேட்பது வழக்கம்.

"கூட இருந்தவனே காட்டிக் கொடுத்தானாமே! ஆணி அடிச்சவங்களுக்காகவும் வேண்டிக்கிட்டாராமே! எப்படிண்ணே முடிஞ்சது?" என்று ஒருமுறை புறா அழுதது.

"அதான் தங்கச்சி பெரிய மனசு!" என்று கரிச்சான் அன்று பெரிய மனுஷன் போலச் சொல்லியிருந்தது. ஜன்னலில் உட்கார்ந்து சொல்வது சுலபம்!

"ஆண்டவரே, என்னால முடியல. நீங்களே என்னைப் பறக்க வைங்க!" என்றது கரிச்சான்.

அடுத்த கணம் அது காக்கையின் பிடரியில் இருந்தது. கொத்திய கொத்தில் காக்கை காடு தாண்டி ஓடியது.

புறா குஞ்சுகளை அணைத்தபடி கேட்டது. "ஏண்ணே காப்பாத்தினீங்க? நான் உங்க பிள்ளைங்களைக் காட்டிக் கொடுத்தவ!"

"நினைச்சா இப்பவும் வலிக்குது. உன் பிள்ளைங்க செத்தா என் வலி போயிடுமா? உன்னை மன்னிச்சிட்டேன், தங்கச்சி!"

கரிச்சான் மருதமரத்துக்கே திரும்பிவந்து கூடு கட்டியது. குஞ்சுகள் பொரிந்தன. மழை விட்டது, ஈசல் கிளம்பியது.

"தங்கச்சி, நாங்க ஈசலுக்குப் போறோம். கூட்டைப் பாத்துக்கோ!"

புறா திடுக்கிட்டது. "என்னை நம்பியா?"

"உன்னை நம்பித்தான்!"

அன்றும் காக்கை வந்தது, அன்றும் மிரட்டியது. ஆனால் இந்த முறை புறா கண்ணை மூடவில்லை. சிறகை விரித்துக் கரிச்சானின் குஞ்சுகளை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியது. கரிச்சான்கள் பறந்துவந்து காக்கையை விரட்டியடித்தன. மறுநாள் விடியுமுன் கரிச்சான் கூவியது, புறா பதில் சொன்னது, அப்புறம் கோயில் மணி அடித்தது.

துரோகத்துக்குப் பழிவாங்கினால் இழந்தது எதுவும் திரும்பாது. கிறிஸ்துவைப் போல் மன்னித்தால், இழந்த உறவாவது திரும்பி வரும்.