கொக்கிடம் பெற்ற பெயர்

பறவைகளும் மனிதர்களும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், இங்கிலாந்தில் ஆளுக்கு ஒரு பெயர்தான். ஆள் செத்தால் பெயரும் அவனோடு குழிக்குள் போய்விடும். பிள்ளைக்கு வராது. பறவைகள் அப்படியல்ல. கொக்கின் குஞ்சும் கொக்குதான், அதன் குஞ்சும் கொக்குதான். இந்த விஷயத்தில் அவை நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தன.

கிழக்குச் சதுப்பு நிலத்தில் ஆல்ரிக் என்பவன் விலாங்கு மீன் பிடித்துப் பிழைத்துவந்தான். மனைவி பெயர் ஈடித். ஐந்து வயதில் ஒரே மகள், ஹில்டா. அந்தச் சதுப்பில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பெருங்கொக்குகள் இருந்தன. அந்த ஊர்க்காரர்கள் அவற்றைக் கிரேன் என்பார்கள். பாலம் கட்டும் இடத்தில் நிற்கிறதே இரும்பு யந்திரம், அதற்கு அந்தப் பெயர் வந்தது ரொம்பப் பின்னால், இந்தப் பறவையின் நீண்ட கழுத்தைப் பார்த்துத்தான். பிரபுக்களின் விருந்துக்காக அம்பெய்து தீர்த்ததில் ஒரு ஜோடிதான் மிஞ்சியது. பெண் கொக்கு இரண்டு முட்டையிட்ட மறுவாரம் ஆண் கொக்கையும் கொன்றுவிட்டார்கள். என்ன வயிறோ அவர்களுக்கு!

அந்த வருஷம் மழை விடவே இல்லை. ஆல்ரிக்கின் மீன் கூடைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. ஹில்டா காய்ச்சலில் விழுந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். வீட்டில் ஒரு பிடி மாவுகூட இல்லை.

ஆல்ரிக் கொக்கின் கூட்டுக்குப் போனான். "கொக்கம்மா, என் மகள் பசியில் செத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு முட்டை கொடு."

கொக்கு இரண்டு முட்டைகளையும் அலகால் மெல்லப் புரட்டிப் பார்த்தது. பிறகு எழுந்து நின்றது. "ஒன்றை எடுத்துக்கொள். மற்றதை எனக்கு விட்டுவிடு. இனி நான் முட்டையிட மாட்டேன்."

அதைத் தின்றபின் ஹில்டா கண் திறந்தாள். மறுநாள், "அப்பா, இன்னும் வேண்டும்" என்று அழுதாள். எந்தத் தகப்பனால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியும்? கொக்கு இரை தேடப் போயிருந்த சமயம் பார்த்து, ஆல்ரிக் மற்ற முட்டையையும் எடுத்துவந்தான்.

"இதையும் அதுவே கொடுத்ததா?" என்று கேட்டாள் ஈடித். அவன் தலைகுனிந்து நின்றான். அவளும் அழுதுகொண்டேதான் அதை வேகவைத்தாள்.

அடுத்த நாளே வெள்ளம் வடிந்தது. விலாங்குகள் வந்தன.

அன்று காலை கொக்கு அவர்கள் வாசலில் வந்து நின்றது.

"பிழைத்துவிட்டாளா?"

"பிழைத்துவிட்டாள்" என்றான் ஆல்ரிக்.

"ஒரு நாள் பொறுத்திருக்கலாம் நீ."

ஆல்ரிக் அதன் காலடியில் விழுந்தான். "என் உயிரை எடுத்துக்கொள், கொக்கம்மா."

"அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நான் போனபின் இந்தச் சதுப்பில் கிரேன் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. பெயர் என்னோடு முடிகிறது. உங்களுக்கு அது பழகிப்போன விஷயம். எங்களுக்கு அது பழக்கமில்லை."

ஈடித் மகளைத் தூக்கிவந்து கொக்கின் முன்னால் நிறுத்தினாள். "உன் பிள்ளைகளைத் தின்று எழுந்தவள் இவள். உன் பெயரை இவள் வைத்துக்கொள்ளட்டும். இவள் பெறும் பிள்ளைகளுக்கும், அவர்கள் பெறும் பிள்ளைகளுக்கும் அதுவே இருக்கட்டும்."

கொக்கு கழுத்தைத் தாழ்த்திக் குழந்தையைப் பார்த்தது. "உன் பெயர் என்ன, கண்ணே?"

"ஹில்டா கிரேன்."

கொக்கு வேறொன்றும் கேட்கவில்லை. சிறகை விரித்துப் பறந்து போயிற்று. அதற்குப் பிறகு எந்தப் பறவையும் மனிதர்களோடு பேசியதில்லை.

ஊரார் இதைப் பார்த்து, தங்கள் பிள்ளைகளுக்கும் விட்டுப்போக ஆளுக்கொரு பெயர் தேடிக்கொண்டார்கள். சிலர் செய்த தொழிலை, சிலர் வசித்த இடத்தை, சிலர் வாசலில் நின்ற மரத்தை. அன்றைக்குத் தொடங்கியதுதான் இங்கிலாந்தில் பெற்றவர் பெயர் பிள்ளைக்குப் போகும் வழக்கம். கிரேன் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறக்கும்போதெல்லாம், அந்தத் தாய்க் கொக்குக்கு இன்னும் ஒரு குஞ்சு பொரிக்கிறது.